எழுந்து நின்ற மாடு சாட்சி ஆகாது

மாட்டின் நோயை அறியக் கையும் கண்ணும் போதும், ஆய்வகம் வீண் செலவு என்று மூத்த கால்நடை மருத்துவர் ஒருவர் சென்ற இதழில் எழுதியிருக்கிறார். காய்ச்சல் கண்ட மாட்டுக்கு முதலில் ஆன்டிபயாடிக் ஊசி போட வேண்டும். மாடு எழுந்து தீனி எடுத்தால் அது பாக்டீரியா நோய், எடுக்காவிட்டால் வேறு ஏதோ. இதைவிட மலிவான, விரைவான சோதனை கிடையாது. அவருடைய வாதத்தின் சாரம் இதுதான். ஆய்வகத்துக்கு அனுப்பிய மாதிரிகள் 'கிருமி வளரவில்லை' என்று திரும்பி வருவதையும், ஒரே மாட்டுக்கு இருமுறை செய்த சோதனை இருவேறு முடிவு சொன்னதையும், அறிக்கை வருவதற்குள் மாடு செத்துப்போவதையும் இந்த வாதத்துக்குத் துணையாக அடுக்கியிருக்கிறார். இளம் மருத்துவர்கள் மாதிரி எடுப்பதே பொறுப்பைத் தட்டிக்கழிக்கத்தான் என்றும் முடித்திருக்கிறார்.

அனுபவசாலியின் குரலில் சொல்லப்படும் தவறு மற்றத் தவறுகளைவிட வேகமாகப் பரவும். மாடு வளர்ப்பவர்கள் அந்தக் கட்டுரையை வெட்டி வைத்துக்கொள்வார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் அதைப் படித்துவிட்டு நுண்ணோக்கியை மூடி வைப்பார். ஆகவே மென்மையான சொல் தேட எனக்கு விருப்பமில்லை. அந்தக் கட்டுரை ஆபத்தானது. அதில் சொன்னபடி நடந்தால் மாடுகள் சாகும். அதிலுள்ள இரண்டு அறிவுரைகளால் மனிதர்களும் சாகலாம்.

முதலில் அந்த 'மலிவான சோதனை'யைப் பார்ப்போம். மழையை ஒட்டி நம் ஊர்களில் மூன்று நாள் காய்ச்சல் வருகிறது. கொசுவும் கடிக்கும் சிறு பூச்சிகளும் பரப்பும் வைரஸ் நோய் அது. நேற்றுவரை நன்றாக இருந்த மாடு திடீரென்று காய்ச்சல் கண்டு நடுங்கும். ஒரு காலை நொண்டும், சில மணி நேரத்தில் இன்னொரு காலை நொண்டும், பிறகு படுத்துவிடும். எச்சில் ஒழுகும், அசைபோடாது, பால் வற்றிவிடும். வீட்டுக்காரர் பதறிப்போவார். ஆனால் பெரும்பாலான மாடுகள் மூன்றாம் நாளோ நான்காம் நாளோ தாமாகவே எழுந்துவிடும். இடையில் ஆன்டிபயாடிக் போட்டிருந்தால் பெயர் அந்த ஊசிக்குப் போகும். ஊசி போடாத பக்கத்து வீட்டு மாடும் அதே கணக்கில் எழுந்து நின்றதை யாரும் கவனிப்பதில்லை. கட்டுரையாளரின் சோதனைப்படி இது பாக்டீரியா நோய். வைரஸ்மேல் எந்த ஆன்டிபயாடிக்கும் வேலை செய்யாது என்பது அவருக்குத் தெரியாதது அல்ல. இந்த நோயில் ரத்தத்தின் நியூட்ரோபில் எண்ணிக்கைகூட பாக்டீரியா தொற்றில் ஏறுவதுபோலவே ஏறும். ரத்த அணுக்களை எண்ணிப் பார்த்தவரே ஏமாறக்கூடிய இடம் அது. ஊசி போட்டுவிட்டுக் காத்திருப்பவர் அங்கே எதைக் கண்டுபிடித்துவிடப் போகிறார்?

இனி எதிர்ப்பக்கம். ஊசிக்கு மாடு எழவில்லை என்றால் அது பாக்டீரியா நோய் அல்ல என்கிறார். கலப்பின மாடுகளை உலுக்கும் உண்ணிக் காய்ச்சல்களில் ஒன்று அனப்ளாஸ்மா. அது பாக்டீரியாதான், ஆனால் சிவப்பணுவுக்குள் குடியிருப்பது. பென்சிலினோ செஃப்ட்ரையாக்சோனோ அதை ஒன்றும் செய்யாது. டெட்ராசைக்ளின் வகை மருந்து வேண்டும். உண்ணிகளாலேயே வரும் தைலீரியாவும் பபேசியாவும் பாக்டீரியாக்களே அல்ல, ஒற்றைச்செல் ஒட்டுண்ணிகள். தைலீரியாவுக்குப் புபார்வகோன் வேண்டும், பபேசியாவுக்கு வேறு மருந்து. மூன்றிலும் காய்ச்சல் உண்டு, சோகை உண்டு, உடம்பில் உண்ணி உண்டு. தைலீரியாவில் நெறிகட்டும், பபேசியாவில் மூத்திரம் காப்பி நிறத்தில் போகும் என்று பாடத்தில் படித்தோம். ஆனால் கொட்டகையில் நிற்கும் மாட்டிடம் பாடப்புத்தகத்தின் அடையாளங்கள் எல்லாம் சேர்ந்து இருப்பதில்லை. காது நுனியில் ஒரு சொட்டு ரத்தம், ஒரு கண்ணாடிச் சில்லு, ஜீம்சா சாயம், ஒரு நுண்ணோக்கி இருந்தால் பல மாடுகளில் மூன்றையும் பிரித்துவிடலாம். அதற்குப் பதில் விலையுயர்ந்த செஃப்ட்ரையாக்சோனை மூன்று நாள் போட்டுவிட்டு, 'எழவில்லை, ஆகவே பாக்டீரியா இல்லை' என்று முடிவு கட்டினால், அனப்ளாஸ்மா வந்த மாட்டை அதற்குத் தேவையான மருந்து இல்லாமலேயே சாக விட்டதாகும். இரு திசையிலும் தப்பான விடை தருவதைச் சோதனை என்று சொல்ல முடியாது.

'கிருமி வளரவில்லை' என்ற அறிக்கைகளை ஆய்வகத்தின் கையாலாகாத்தனத்துக்குச் சான்றாகக் காட்டுகிறார். அந்த மாதிரிகள் எப்போது எடுக்கப்பட்டன என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. அவருடைய முறையே பதிலைச் சொல்லிவிடுகிறது: முதலில் ஓர் ஊசி, தேறாவிட்டால் மறுநாள் இன்னொன்று, பிறகு மருந்து மாற்றம், எல்லாம் கைவிட்ட பின் கடைசியாக மாதிரி. நாள்கணக்கில் மருந்து ஊறிய பாலில் எந்தக் கிருமி வளரும்? தடயத்தைக் கழுவித் துடைத்துவிட்டு, துப்புத் துலக்க வந்தவரைத் திறமையற்றவர் என்று திட்டுவது போன்றது இது. இதில் எனக்கு உண்மையான கோபம் உண்டு. ஆய்வகத்தில் உட்கார்ந்திருப்பவர் மாட்டைப் பார்த்ததில்லை. அவருக்குக் கிடைப்பது ஒரு குழாயும் அரைகுறையாக நிரப்பிய ஒரு படிவமும்தான். என்ன மருந்து, எப்போது போடப்பட்டது என்ற இடத்தைப் பலர் வெறுமையாக விட்டு அனுப்புகிறார்கள். பிறகு அறிக்கையைக் குறை சொல்கிறார்கள்.

மடிநோயில் இது தினமும் நடக்கிறது. அங்கே இருக்கும் சிக்கல்கள் உண்மையானவை. கட்டுரையாளர் அவற்றைத் தொடக்கூட இல்லை. ஸ்டெபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி ஒருநாள் பாலில் கொட்டும், இன்னொரு நாள் தேடினாலும் கிடைக்காது. மடித்திசுவில் சீழ்க்கட்டிகளுக்குள்ளும், உயிரணுக்களுக்குள்ளேயும் பதுங்கிக்கொள்வது அதன் இயல்பு. ஒரே ஒரு மாதிரியில் வளரவில்லை என்பதற்காக அது இல்லை என்று சொல்லிவிட முடியாது. இடைவெளி விட்டு மீண்டும் எடுக்க வேண்டும். ஈ.கோலையின் கதை வேறு. மடி வீங்கிப் பால் தண்ணீராக நாம் பார்க்கும் நேரத்தில், பல மாடுகளில் வெள்ளணுக்கள் அந்தக் கிருமியை ஏற்கெனவே விழுங்கி முடித்திருக்கும். அப்போது ஆய்வகத்தில் எதுவும் வளராது. மாடு தெம்பாக இருந்து, பால் மட்டும் கெட்டிருக்கும் நிலையில், அந்த வெறும் தட்டே ஒரு செய்தியைச் சொல்கிறது: இந்த மடிக்குள் ஆன்டிபயாடிக் குழாயைச் செலுத்துவதால் பெரிய பலன் இருக்கப்போவதில்லை. முறையாக எடுத்த மாதிரிகளிலும் கால் பங்குக்கு மேல் எதுவும் வளராமல் போவது உலகெங்கும் ஆய்வகங்கள் காண்பதுதான். அந்த அறிக்கையைப் படிக்கத் தெரிய வேண்டும். கசக்கி எறிவது மருத்துவம் ஆகாது.

மாதிரி எடுப்பதே ஒரு வேலை. காம்பு நுனியை ஸ்பிரிட் பஞ்சால் நன்றாகத் துடைக்க வேண்டும், முதல் சில பீச்சல்களைத் தள்ளிவிட வேண்டும், கிருமி நீக்கிய குழாயைச் சாய்த்துப் பிடித்து எடுத்து ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். சாணம் ஒட்டிய கையோடு பழைய மருந்து பாட்டிலில் பீச்சி அனுப்பினால் மூன்று நான்கு வகைக் கிருமிகள் சேர்ந்து வளரும். அந்த அறிக்கை கொட்டகைத் தரையைப் பற்றியது. மடியைப் பற்றியது அல்ல.

கண்ணை நம்பச் சொல்பவர் இன்னொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். மடிநோயின் பெரும் நஷ்டம் கண்ணுக்குத் தெரியாத வகையில்தான் இருக்கிறது. மடி வீங்காது, பால் வெள்ளையாகவே இருக்கும், அளவு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். பக்கத்து மாட்டுக்குப் பால் கறப்பவரின் கை வழியாகக் கிருமி போகும். இந்த மறைந்த மடிநோயைக் கண்டுபிடிக்க 1957இல் ஷால்மும் நோர்லாண்டரும் ஒரு வழி சொன்னார்கள். நான்கு குழியுள்ள ஒரு தட்டு, சோப்புத்தன்மை கொண்ட ஒரு கரைசல், ஒவ்வொரு காம்பிலிருந்தும் கொஞ்சம் பால். சுழற்றும்போது எந்தக் குழி கூழாகிறதோ அந்தக் காம்பில் கோளாறு. கலிபோர்னியா மடிநோய்ச் சோதனை என்று கால்நடை மருத்துவக் கல்லூரியில் எல்லாரும் கற்றதுதான். செலவு மிகக் குறைவு, நேரம் நிமிடக் கணக்கு. மலிவும் விரைவும் வேண்டும் என்றால் அவை இங்கே கிடைக்கின்றன. ஊசிக்குள் போய்த் தேட வேண்டியதில்லை.

இப்போது அந்தக் கட்டுரையின் மிகக் கொடிய வரிக்கு வருகிறேன். திடீரென்று செத்த மாட்டை அங்கேயே அறுத்துப் பார்த்தால் காரணம் விளங்கிவிடும், மண்ணீரல் வீங்கிக் கருத்திருந்தால் அது அடைப்பான் என்று அறிந்துகொள்ளலாம் என்று எழுதியிருக்கிறார். இதை அச்சில் படித்தபோது திகைத்துப்போனேன்.

ஆந்த்ராக்ஸ் என்னும் அடைப்பானில் செத்த மாட்டைத் திறக்கக் கூடாது என்பது எங்கள் படிப்பின் அரிச்சுவடி. காரணம் எளிது. செத்த மாட்டின் உடலுக்குள் இருக்கும் பேசில்லஸ் ஆந்த்ராசிஸ் கிருமி, தோல் மூடியிருக்கும்வரை அழுகலில் சில நாட்களில் மடிந்துவிடும். வயிற்றைக் கிழித்ததும் காற்று படுகிறது. காற்று பட்ட கிருமி வித்தாக மாறுகிறது. வித்து வெயிலுக்கும் மழைக்கும் அசையாமல் பல பத்தாண்டுகள் மண்ணில் கிடக்கும். ஸ்காட்லாந்தின் குருனார்ட் தீவில் 1942இல் ஆடுகளை வைத்து இந்தக் கிருமியைச் சோதித்தார்கள். அந்தச் சின்னத் தீவின் மண்ணை 1986இல் ஃபார்மால்டிஹைடால் நனைத்துக் கழுவிய பிறகு, 1990இல்தான் மனிதர்கள் அங்கே போகலாம் என்று அறிவிக்க முடிந்தது. நம் ஊர் மேய்ச்சல் புறம்போக்கை யார் வந்து கழுவப்போகிறார்கள்? அறுத்தவரின் கையில் இருக்கும் சிறு கீறல் வழியாக வித்து உள்ளே போனால் கருத்த பொருக்கோடு புண் வரும். கவனிக்காமல் விட்டால் உயிர் போகலாம். இறந்த மாட்டின் இறைச்சியை உண்பதால் மனிதர்களுக்கு இந்த நோய் வருவது ஒடிசாவின் கோராப்புட் பக்கம் திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கிறது. மண்ணீரலைப் பார்க்கக் கத்தி எடுப்பவர், பார்க்கும் முன்பே அந்த ஊருக்குத் தீங்கு செய்து முடித்துவிடுகிறார்.

எடுக்க வேண்டியது காது நரம்பிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் மட்டுமே. கையுறை போட்டுக்கொண்டு எடுத்து, கண்ணாடியில் பூசி, உலர்த்தி, பாலிகுரோம் மெத்திலீன் நீலத்தில் சாயமேற்றிப் பார்த்தால், முனை வெட்டினாற்போன்ற நீலக் குச்சிகள் சங்கிலியாக நிற்கும். அவற்றைச் சுற்றி இளஞ்சிவப்பு உறை தெரியும். மக்ஃபேடியன் 1903இல் விவரித்த இந்த முறை இன்றைக்கும் முதல் சோதனையாக நிற்கிறது. இதுவும் எப்போதும் கைகொடுக்காது. உடல் அழுகத் தொடங்கியபின் எடுத்தால் உறை அழிந்திருக்கும். குடலிலிருந்து பரவிய கிளாஸ்ட்ரிடியம் வகைக் குச்சிகள் நிறைந்து பார்ப்பவரைக் குழப்பும். சாவதற்கு முன் பென்சிலின் போட்டிருந்தால் ரத்தத்தில் கிருமி தென்படாமலே போகும். இங்கேயும் முதலில் ஊசி என்ற பழக்கம் வந்து உண்மையை மறைக்கிறது. மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத ரத்தம் வடிந்தால்தான் அடைப்பான் என்று கண்ணை மட்டும் நம்புபவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். ரத்தம் வடியாமலும் அடைப்பானில் மாடு சாகும். இடி விழுந்தும் மாடு திடீரென்று சாகும்; பாம்பு கடித்தும், வயிறு உப்பியும், தண்ணீரில்லாமல் வாடிய இளஞ்சோளத்தை மேய்ந்து சயனைடு ஏறியும் சாகும். வெளியில் நின்று பார்ப்பவருக்கு இவற்றில் பல ஒன்றுபோலவே தெரியும். அதனால்தான் காரணம் தெரியாமல் திடீரென்று செத்த எந்த மாட்டையும், ரத்தப் பூச்சைப் பார்க்கும்வரை, அடைப்பானாகவே நினைத்து நடந்துகொள்ள வேண்டும் என்று கற்றுத்தந்தார்கள்.

சப்பை நோயையும் தொண்டை அடைப்பானையும் பற்றி அவர் எழுதியது ஓரளவு சரி. தொடையில் வீங்கிய சதையைத் தடவினால் நெறுநெறுவென்று ஓசை எழுவதும், கொழுத்த இளங்கன்றுகளுக்கே அது அதிகம் வருவதும் சப்பை நோயை நன்றாகவே காட்டிக்கொடுக்கும். மழைக்காலத்தில் எருமை தொண்டை வீங்கி மூச்சுத் திணறினால் தொண்டை அடைப்பான் என்று எண்ணி உடனே மருந்து போடுவதுதான் சரி. அந்த நோயில் காத்திருக்க நேரமில்லை. ஆனால் அங்கும் மாதிரிக்கு வேலை உண்டு. இறக்கும் தறுவாயில்தான் அந்த நோயின் கிருமியான பாஸ்டியுரெல்லா ரத்தத்தில் நிறையும். தொடக்கத்தில் எடுத்த ரத்தப் பூச்சில் இல்லாமல் போகலாம். நோயில்லாத மாட்டின் தொண்டையிலும் பாஸ்டியுரெல்லா குடியிருக்கலாம் என்பதால், மூக்குச் சளியில் கண்டது மட்டும் போதாது. செத்து நாளான எருமையில் சதை நீக்கிய நீண்ட எலும்பை அனுப்பினால் மஜ்ஜையிலிருந்து கிருமியை எடுக்கலாம். உறுதியானால் சுற்றியுள்ள ஊர்களுக்குத் தடுப்பூசி போகும். செத்த ஒரு எருமையின் எலும்பு, உயிரோடு இருக்கும் மற்ற எருமைகளைக் காக்கும்.

இங்கேதான் அவருக்கும் எனக்கும் அடிப்படை வேறுபாடு. கட்டுரை முழுவதும் அவர் ஒரே ஒரு மாட்டைப் பற்றி மட்டும் பேசுகிறார். அது எழுந்ததா, விழுந்ததா என்பதோடு அவருடைய கேள்வி முடிந்துவிடுகிறது. கொட்டகையில் நிற்கும் மற்ற மாடுகளும், பால் கறக்கும் பெண்ணும், அந்தப் பாலைக் காய்ச்சாமல் குடிக்கும் குழந்தையும் அவர் கணக்கில் வரவே இல்லை.

கன்று வீச்சைப் பற்றி அவர் எழுதியது இதற்குச் சான்று. மாடு கன்று வீசினால் சோதனை எதுவும் வேண்டாம், தங்கிய நஞ்சுக்கொடியைக் கைவிட்டு எடுத்துவிட்டு ஊசி போட்டால் அடுத்த ஈற்றுச் சரியாக வந்துவிடும் என்கிறார். தன் அனுபவத்தில் அப்படிப் பல மாடுகள் அடுத்த முறை நல்ல கன்று போட்டதாகவும் சொல்கிறார். அவர் கண்டது உண்மைதான்; அதிலிருந்து எடுத்த முடிவு பொய். புருசெல்லா அபார்ட்டஸ் என்ற கிருமி தொற்றிய மாடு பெரும்பாலும் ஒரே ஒரு முறை, சினையின் கடைசி மாதங்களில் கன்று வீசும். அடுத்தடுத்த சினைகளை ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் நிறைமாதம்வரை சுமந்து ஈனும். நோய் தீர்ந்துவிட்டது என்று வீட்டுக்காரர் நம்புவார். ஆனால் ஒவ்வொரு ஈற்றின்போதும் பனிக்குட நீரிலும் நஞ்சுக்கொடியிலும், மாதக்கணக்கில் பாலிலும், அந்த மாடு கிருமியை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். எழுந்து நின்ற மாட்டைச் சாட்சியாக ஏற்பதன் ஆபத்து இதைவிடத் தெளிவாக எங்கும் தெரியாது.

இந்த நோய் மனிதருக்கு வரும். டேவிட் புரூஸ் 1887இல் மால்டாவில் படைவீரர்களின் உடலிலிருந்து இந்தக் குடும்பத்தின் முதல் கிருமியைப் பிரித்தெடுத்தார். பெர்னார்டு பேங் 1897இல் டென்மார்க்கில் மாடுகளின் கன்று வீச்சுக்குக் காரணமான கிருமியைக் கண்டார். மனிதருக்கு வந்தால் காய்ச்சல் ஏறி இறங்கி ஏறி, வாரக்கணக்கில் நீளும். இரவெல்லாம் வேர்க்கும், முதுகும் மூட்டும் விட்டுப்போகும், ஆண்களுக்கு விதை வீங்கும். டைபாய்டு என்றும் மலேரியா என்றும் நினைத்து வைத்தியம் பார்த்து மாதங்கள் போகும். சரியாகக் கண்டுபிடித்தாலும் இரண்டு மருந்துகளை ஆறு வாரம் சாப்பிட வேண்டும். இதில் அதிகம் மாட்டிக்கொள்பவர்கள் பால் கறப்பவர்கள், மாட்டுக்கொட்டகையில் வேலை பார்ப்பவர்கள், இறைச்சிக்கூடத் தொழிலாளர்கள், கால்நடை மருத்துவர்கள். வீசிய கன்றின் நஞ்சுக்கொடியில் கிருமி அளவில்லாமல் நிறைந்திருக்கும். அதற்குள் வெறுங்கையை விடச் சொல்வது, படிப்பவரின் உடம்பில் நோயை ஏற்றச் சொல்வதாகும். 'கையுறை' என்ற சொல் அவர் கட்டுரையில் ஓரிடத்திலும் இல்லை.

புருசெல்லா சோதனையும் குறைகள் உள்ளதுதான், அதை மறைக்க மாட்டேன். ரோஸ் பெங்கால் சோதனையில் ஒரு துளி சீரமும் ஒரு துளி சாயமேற்றிய கிருமிக் கரைசலும் கலந்து நான்கு நிமிடத்தில் திரள்கிறதா என்று பார்க்கிறோம். எஸ் 19 தடுப்பூசியை உரிய வயதுக்குப் பிறகு போட்ட மாட்டில், நோயில்லாமலே திரளும். அதற்காகத்தான் அந்த ஊசியைக் கிடேரிக் கன்றுகளுக்கு நான்கு முதல் எட்டு மாதத்துக்குள் போடுகிறார்கள். யெர்சினியா வகைக் கிருமி ஒன்று தொற்றினாலும் பொய்யாகத் திரளும். கன்று வீசிய உடனே சோதித்தால் சில மாடுகளில் எதிர்ப்பொருள் போதிய அளவு எழுந்திருக்காது. இரண்டு மூன்று வாரம் விட்டு மீண்டும் பார்க்க வேண்டும். தொற்றிய தாய்க்குப் பிறந்த கிடேரி, தன் முதல் ஈற்றுவரை எந்தச் சோதனையிலும் அகப்படாமல் இருந்துவிடக்கூடும். பால் வளையச் சோதனை சீம்பாலிலும் மடிநோய்ப் பாலிலும் தடுமாறும். கிருமியை வளர்த்தே உறுதி செய்யலாம் என்றால் அதற்கு உயர் பாதுகாப்பு ஆய்வகம் வேண்டும், நாட்களும் ஆகும். இத்தனையும் தெரிந்ததால்தான் ஒன்றுக்கு இரண்டு சோதனைகளைச் சேர்த்துப் பார்க்கிறோம், தடுப்பூசி போட்ட தேதியைக் கேட்கிறோம், மந்தை முழுவதையும் சோதிக்கிறோம். கன்று வீச்சுக்கு லெப்டோஸ்பைராவும் காரணமாகலாம், வைரஸும் பூஞ்சையும் ஆகலாம். அவற்றையும் பிரித்தறிய வேண்டும். மத்திய அரசு 2019இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் கோமாரியோடு புருசெல்லாவையும் சேர்த்தது இந்த நோயின் பளு தெரிந்துதான். எந்த ஊரில் நோய் இருக்கிறது என்று சோதித்தறியாமல், அந்தத் திட்டம் பலித்ததா இல்லையா என்று சொல்ல யாராலும் முடியாது.

ஒரே மாட்டுக்கு முதலில் காசநோய் உண்டென்றும், இரண்டு வாரம் கழித்துச் செய்த மறுசோதனையில் இல்லையென்றும் வந்ததாகச் சொல்லி, இப்படிப்பட்ட சோதனை எதற்கு என்று கேட்கிறார். அவர் தந்த விவரத்திலேயே விடை இருக்கிறது. ட்யூபர்குலின் சோதனையில் கழுத்துத் தோலுக்குள் மருந்தைச் செலுத்தி 72 மணி நேரம் கழித்துத் தடிப்பை அளக்கிறோம். ஒருமுறை ட்யூபர்குலின் ஏறிய மாட்டின் உடல் அதற்குப்பின் சில வாரங்களுக்கு மந்தமாகிவிடும். ஆறு முதல் எட்டு வாரம் பொறுக்காமல் மறுசோதனை செய்தால் நோயுள்ள மாடும் தடிப்புக் காட்டாமல் போகலாம். இரண்டு வாரத்தில் மறுசோதனை செய்தது தவறு, சோதனையின் தவறு அல்ல. நோய் முற்றிய மாடும், அண்மையில் கன்று ஈன்ற மாடும், தொற்றிச் சில வாரமே ஆன மாடும்கூட இப்படி ஏமாற்றும். பறவைக் காசநோயின் உறவுக் கிருமிகளால் பொய்த் தடிப்பு வருவதைப் பிரிக்கத்தான் பறவை ட்யூபர்குலினையும் மாட்டு ட்யூபர்குலினையும் பக்கத்தில் பக்கத்தில் செலுத்தி ஒப்பிடுகிறார்கள். ஜோனி நோயும் இந்தக் கணக்கைக் குழப்பும். தொற்றி ஆண்டுக்கணக்கில் ஆன பிறகே வயிற்றுப்போக்காக வெளிப்படும் நோய் அது, கிருமியை வளர்க்க மட்டும் மாதங்கள் பிடிக்கும். ஒரு கருவியின் விதிகளைப் படிக்காமல் பயன்படுத்திவிட்டு அந்தக் கருவியைப் பழிப்பதை அனுபவம் என்று ஏற்க முடியாது.

அவர் வாதத்தில் நியாயமுள்ள பகுதி ஒன்று உண்டு. அறிக்கை தாமதமாக வருகிறது. வட்டார மருந்தகத்திலிருந்து மாவட்டத்தின் நோய் புலனாய்வுப் பிரிவுக்கு மாதிரி போய்ச்சேர வண்டி இல்லை, ஐஸ் இல்லை, கொண்டுபோக ஆள் இல்லை. பல இடங்களில் நுண்ணோக்கி இருக்கும், சாயம் தீர்ந்திருக்கும். ஒன்றிரண்டு மாடுகளை வைத்துக் குடும்பம் நடத்தும் பெண்ணுக்குச் சோதனைச் செலவும் ஒருநாள் அலைச்சலும் பெரிய பாரம். இதையெல்லாம் கண்ணால் கண்டவர், சாயம் வாங்கித் தா, வண்டி கொடு, அறிக்கையைக் கைப்பேசிக்கு அனுப்பு என்று எழுதியிருக்க வேண்டும். அவர் சொல்லுக்குத் துறையில் மதிப்பு இருக்கிறது. அந்த மதிப்பை வைத்துக்கொண்டு, இல்லாத வசதியைக் கேட்காமல், வசதியே தேவையில்லை என்று எழுதிவிட்டார். சாயம் வாங்கப் பணம் ஒதுக்காதவர்கள் இனி அவர் கட்டுரையை எடுத்துக் காட்டுவார்கள்.

எந்த விவசாயி அறிக்கை வரும்வரை ஊசி போடாமல் காத்திருப்பார் என்றும் கேட்கிறார். காத்திருக்கச் சொன்னவர் யார்? நோய்வாய்ப்பட்டு நிற்கும் மாட்டுக்கு மருந்தை மறுக்க யாரும் சொல்லவில்லை. ரத்தமோ பாலோ எடுக்கச் சில நிமிடம் போதும். எடுத்து வைத்துவிட்டு உடனே மருந்து போடலாம். மறுநாளோ அதற்கு மறுநாளோ அறிக்கை வரும்போது, போட்டது சரியா, மாற்ற வேண்டுமா, நிறுத்திவிடலாமா என்று தெரியும். அந்த வரிசையைத் தலைகீழாக்கியதுதான் அவர் செய்த தீங்கு. கண்மூடித்தனமாகப் போட்ட மருந்து பாலில் இறங்குகிறது. உறை ஊற்றினால் தயிராகாத பாலை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறோம். மனிதர்களின் உயிர்காக்கக் கவனமாகப் பயன்படுத்த வேண்டிய செஃப்ட்ரையாக்சோனை, காரணம் தெரியாத மடிவீக்கத்துக்கெல்லாம் செலுத்தி, எதற்கும் அடங்காத கிருமிகளைக் கொட்டகையில் வளர்க்கிறோம்.

பொறுப்பைத் தட்டிக்கழிப்பது என்ற குற்றச்சாட்டுக்கும் பதில் சொல்ல வேண்டும். மாதிரி எடுத்து அனுப்பும் இளம் மருத்துவர், தான் நினைத்தது தவறு என்று நாளை எழுத்தில் வரக்கூடும் என்று தெரிந்தே அனுப்புகிறார். தன் கருத்தைச் சோதனைக்கு உட்படுத்துபவரிடம்தான் பொறுப்பு இருக்கிறது. ஊசி போட்டு, மாடு எழுந்தால் தன் கைராசி, விழுந்தால் மாட்டின் விதி என்பவரிடம் அது இல்லை. அவருடைய முறையில் அவர் ஒருபோதும் தவறமாட்டார், ஏனென்றால் தவறைக் காட்டும் வழிகள் அனைத்தையும் அவரே அடைத்துவிட்டார்.

மற்றவற்றைப் பற்றி அவர் தொடர்ந்து வாதாடலாம், நானும் பதில் எழுதுகிறேன். ஆனால் இரண்டு வரிகள் வாதத்துக்குக் காத்திருக்க முடியாதவை: திடீரென்று செத்த மாட்டை அறுத்துப் பார்க்கச் சொன்னது ஒன்று, கன்று வீசிய மாட்டின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் எடுக்கச் சொன்னது மற்றொன்று. படித்தவர்களில் யாரோ ஒருவர் இந்த வாரமே அப்படிச் செய்யக்கூடும். அந்த இரண்டையும் அவர் தன் பெயரிலேயே, அடுத்த இதழிலேயே, முதல் பக்கத்திலேயே திரும்பப் பெற வேண்டும்.